உன் சுத்தியலை நாங்களே வாங்கினோம்

வற்றாப்பளை அம்மன் துணை

உடையார்கட்டு,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தேனுகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, தம்பி தர்சன் மூவரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் டொக்டர் படிப்புக்குப் போன காலி நகரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மனைத்தான் கேட்க முடியும், உன்னைக் கேட்க முடியவில்லை, நீ போனை எடுக்கிறாய் இல்லை. கோபம் என்று தெரியும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், குரலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கோ என்று தம்பி சிரிக்கிறான். குரலில் அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து அழுவாய், நான் கத்துவேன், அப்பா போனை வாங்கி அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. ஆகவே இருந்து முழுவதையும் வாசி. நான் இதை மன்னிப்புக் கேட்க எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கடைசிவரை தேடி ஏமாறாதே.

முதலில் வீட்டுப் புதினம். வயல் வெட்டி முடிந்தது. வெட்டுகிற நேரத்தில் பெய்த மழை கொஞ்சம் கெடுத்ததுதான், ஆனாலும் சாப்பாட்டுக்கு நெல் ஏற்றியாகிவிட்டது. மேட்டுக்காணியில் போட்ட உழுந்து இந்தமுறை எங்களைக் கைவிடவில்லை, மயிலும் குரங்கும் தின்றது போக நல்ல மிச்சம். சிவப்பிப் பசு ஆண் கன்று போட்டிருக்கிறது, நாம்பன், அதற்குத் தம்பி உன்னுடைய பெயரை வைப்பேன் என்று நிற்கிறான், நாம்பனுக்கு எப்படியடா அக்காவின் பெயர் என்று கேட்டால், முட்டுகிற குணம் ஒன்றுதானே என்கிறான். அவன் கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான். வந்தவுடன் அந்த ஒயில் கையோடு நான் தைத்து வைத்திருக்கிற பள்ளிக்கூடச் சட்டைகளைத் தொடாமல் இருந்தால் போதும். அப்பாவுக்குப் பொய்க்கால் பொருந்துகிற இடத்தில் வந்த புண் ஆறிவிட்டது. நீ சொன்ன பூச்சைத்தான் போட்டேன்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள், ராஜினி சித்தி உனக்குச் சொன்னது அவளுடைய விதம். நடந்ததை நான் சொல்கிறேன். லீவுக்கும் வீட்டுக்கு வராமல் அங்கேயே நின்று படிக்கிற உனக்கு, லீவு முடிந்ததும் நரம்பு வார்ட் தொடங்குகிறது, சொந்தச் சாமான் இல்லாதவர்கள் கட்டிலுக்குக் கிட்ட வரவேண்டாம் என்று உங்கள் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார், இதுவரை கூடப் படிக்கிற பிரியந்தினியின் ஸ்டெதஸ்கோப்பையும் மற்றவர்களின் சாமானையும் இரவல் வாங்கி ஓட்டிவிட்டேன், இனி முடியாது என்று நீ சொன்னாய். சுதாகரன் மாஸ்டர் வெளிநாட்டில் இருக்கிற ஊராட்களின் சங்கத்துக்கு எழுதி உனக்கு எல்லாவற்றையும் எடுப்பித்துத் தருகிறார், நீங்கள் இரண்டு பேரும் போய் வாங்கினால் போதும் என்றும் நீதான் சொன்னாய். நான் சரி என்றுதான் போனேன். தருகிறவர்களிடம் வாங்குவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, நாங்கள் வாங்காத உதவியா. முதல் நாள் மாஸ்டர் போன் எடுத்து, "அக்கா, சாதாரணமா உடுத்துக்கொண்டு வாங்கோ, பெரிசா வெளிக்கிட வேண்டாம்" என்றபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என் பிள்ளைக்கு டொக்டர் சாமான் வாங்கப் போகிற நாளில் கிழிந்ததையா உடுக்கச் சொல்கிறார் என்று, நீ பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து உடுத்தேன். அப்பாவுக்கும் தேய்த்த சேட்டும் நீளக்காற்சட்டையும். பொதுநோக்கு மண்டப வாசலில் மாஸ்டர் எங்களைப் பார்த்த பார்வையில், கலியாணவீட்டுக்கு வழிதவறி வந்துவிட்டோமோ என்றிருந்தது எனக்கு.

உள்ளே சுவரை மறைத்து ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் சங்கத் தலைவரின் படம், மறுமூலையில் உன்னுடைய படம், நீ சிரிக்காமல் நிற்கிற அந்த அடையாள அட்டைப் படம். நடுவில் பெரிய எழுத்தில், போரில் காலை இழந்த ஏழை விவசாயி கதிர்காமநாதனின் மகளுக்கு மருத்துவ உபகரணங்கள் கையளிப்பு. மகளின் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். அதையும் பொறுத்துக்கொண்டேன். மேசையில் உன் பை இருந்தது. கறுப்பு நிறம், திறந்து ஸ்டெதஸ்கோப், முழங்காலில் தட்டுகிற சுத்தியல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். நல்ல சாமான்தான், பொய் சொல்லமாட்டேன். ஸ்டெதஸ்கோப்பின் குழாய் உனக்குப் பிடித்த அதே கடும் நீலம். அதை உன் கழுத்தில் போட்டுப் பார்த்தது போல ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் போய் நின்றோம், மாஸ்டர் பையின் ஒரு பிடியைப் பிடித்தார், அப்பா மறுபிடியைப் பிடித்தார். அப்போதுதான் படமெடுக்க வந்த ரஜிதன் கமராவை இறக்கிவிட்டு, "ஐயா, காற்சட்டையைக் கொஞ்சம் மேல மடிச்சு விடுங்கோ, கால் தெரியேல்லை" என்றான். கால் தெரிந்தால்தான் வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுக்கு விளங்குமாம்.

அப்பா உடனே பையை விட்டுவிட்டுக் குனிந்தார். தேனு, அவருடைய முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பேசாமல் நின்றிருப்பேன். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. வரப்புக் கட்டுகிற மாதிரி, பழகிய ஒரு வேலையைச் செய்கிற மாதிரி, மடிப்பைச் சரியாகப் பிடித்து ஒழுங்காக மடிக்கத் தொடங்கினார். எத்தனை பேருக்கு முன்னால் இதை மடித்திருக்கிறார் என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. முகாமில் பதிய வந்தவர்களுக்குக் காட்டினார், வீட்டுத்திட்டத்துக்குக் காட்டினார், கோழிக்குஞ்சு கொடுக்க வந்தவர்களுக்குக் காட்டினார், தண்ணீர் இறைக்கிற மெஷின் கொடுக்க வந்தவர்களுக்கும் காட்டினார். தண்ணீர் மெஷினுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, அன்றைக்கு வயிறு காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குக் காயவில்லையே. நான் அவருடைய கையைப் பிடித்து, "இஞ்சாருங்கோ, மடிக்காதேங்கோ" என்றேன். அவர் குனிந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். மண்டபத்தில் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

என்ன சொன்னேன் என்றுதானே எல்லோரும் கேட்கிறார்கள். இதுதான் சொன்னேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "மாஸ்டர், பிள்ளை கம்பஸுக்குப் போனது தன்ர மூளையால, இவற்ற கால் போனதால இல்லை. காலைப் பார்க்காமல் தாறதெண்டால் தாங்கோ, சந்தோசமா வாங்கிறம். பார்த்துத்தான் தருவியளெண்டால் வேண்டாம்." மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, எனக்கு விளங்குது, ஆனால் இப்பிடிப் படம் போகாட்டி அடுத்தமுறை அவை காசு அனுப்பமாட்டினம், பிறகு மற்றப் பிள்ளையளுக்கு நான் என்ன செய்யிறது" என்று கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். அவருடைய பாடும் பாடுதான். அப்படியென்றால் இந்தப் பையை அந்த மற்றப் பிள்ளைக்கே கொடுங்கோ என்று சொல்லிவிட்டேன். வெளிக்கிடும்போது பதாகையைக் கேட்டேன். அது எதுக்கு அக்கா என்றார். அதில் இருக்கிறது என் பிள்ளையின் முகமும் என் மனுசனின் பெயரும், இனி விழா இல்லையென்றால் அது எங்களுடைய சாமான்தானே என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு பக்கக் கயிற்றை நான் அவிழ்த்தேன், மறுபக்கத்தை அப்பா அவிழ்த்தார். அதைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அவர் உருட்ட நான் பக்கத்தில் நடந்து வந்தேன். குளக்கட்டு வரையும் அவர் வாய் திறக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது, சபையில் அவரைக் குறைத்துவிட்டேனோ என்று. குளக்கட்டின் மேலே ஏறியதும் சைக்கிளை நிறுத்தி, "உழுந்தை எப்ப விக்கிறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு எவருடைய கதையும் காதில் ஏறவில்லை.

ஏற்ற முயன்றவர்கள் இருக்கிறார்கள். ராஜினி அன்றைக்குப் பின்னேரமே வந்து, "வாய்க்கொழுப்பு அக்கா உனக்கு, பிள்ளையின்ர படிப்பில மண் அள்ளிப் போட்டிட்டாய்" என்று முற்றத்தில் நின்று கத்தினாள். என் தங்கைதானே, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். உன்னுடைய கதைதான் வலித்தது. ஒரு படம்தானே அம்மா, உங்களுக்கு உங்கட ரோசம்தான் பெரிசு, வார்ட்டில என்ர சுத்தியல் எங்க எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். ஓம், ரோசம்தான். இல்லையென்று சொல்லவில்லை. காணியை விட்டு, வீட்டை விட்டு, நகையை விட்டு வெறுங்கையோடு முகாமுக்குள் போனபோது எங்களோடு வந்த ஒரே சாமான் அதுதான், அதையும் ஒரு பைக்காகக் கொடுக்கச் சொல்கிறாயா. இன்னொன்றும் யோசித்துப் பார். அந்தப் படம் ஒரு நாளில் போகாது. நீ டொக்டராகி ஓர் ஆஸ்பத்திரியில் கதிரையில் இருக்கும்போது யாரோ அதைப் போனில் தேடி எடுத்து, இவதான் அந்தக் காலில்லாத மனுசனின் மகள் என்று காட்டுவான். உனக்கு அது பரவாயில்லை என்று வைத்துக்கொள். அந்தக் கால் உன்னுடையது இல்லை, கொடுக்கிறதுக்கு. என்னுடையதும் இல்லை. அது அவருடையது.

சரி, சண்டையை விடு. உழுந்தை விற்றோம். கிளிநொச்சியில் கேட்டால் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, முழங்காலில் தட்டுகிற சுத்தியலை அவர்கள் கண்ணாலும் கண்டதில்லை. அதனால் ரயில் ஏறி வவுனியாவுக்குப் போனோம். அங்கே ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற மஹ்றூப் என்பவரின் கடையை விசாரித்துப் பிடித்தோம். முல்லைத்தீவு ஆள்தான் அவர், தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது சின்னப் பெடியனாகத் தகப்பனின் தோளில் வந்தவராம், பிறகு வவுனியாவோடு இருந்துவிட்டார். எந்த ஊர் என்று கேட்டு, உடையார்கட்டு என்றதும் எங்கள் குளத்து மீனின் ருசியைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார். ஏன் இந்தச் சாமான், யாருக்கு, என்ன கஷ்டம் என்று ஒன்றும் கேட்கவில்லை. மகள் எந்த வருஷம் என்று மட்டும் கேட்டார். மூன்றாம் வருஷம் என்றதும், முதல் ஸ்டெதஸ்கோப் என்றால் இது போதும், பெரிய விலையில் எடுக்க வேண்டாம், பிள்ளைகள் வார்ட்டில் மறந்து வைத்துவிட்டு வருவார்கள் என்று விலை குறைந்ததைத்தான் எடுத்துக் காட்டினார். நீலம் இல்லை, கறுப்புத்தான் இருந்தது. தட்டினால் அதிருகிற அந்த இசைக்கவையும் வேண்டும் என்றதும், "காதுக்கோ எலும்புக்கோ அக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டார் பார், நான் முழித்தேன். உனக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. நரம்பு வார்ட் என்றால் இதைத்தான் கேட்பார்கள் என்று அவரே ஒன்றைத் தெரிந்து தந்தார். பிழையென்றால் மாற்றித் தருவாராம், அதற்காகவாவது நீ எங்களோடு கதைக்கத்தான் வேண்டும்.

சுத்தியல்தான் கடைசியாக வந்தது. உலோகப் பிடியும் தலையில் கறுப்பு றப்பரும். இதைக் கொண்டு ஒரு ஆணிகூட அடிக்க முடியாதே என்று அப்பா சொன்னார். மஹ்றூப் சிரித்துவிட்டு, "இருங்கோ அண்ணை, வேலை செய்யிற விதத்தைக் காட்டுறன், அந்தக் கதிரையில இருந்து காலைத் தொங்கப் போடுங்கோ" என்றார். அப்பா இருந்தார். ஒரு காலை நீட்டிக் கொடுத்தார். மஹ்றூப் குனிந்து தட்டினார். வாளியில் தட்டின மாதிரி ஒரு சத்தம், கால் அசையவில்லை. இன்னொருமுறை கொஞ்சம் பலமாகத் தட்டினார், அதே சத்தம். அவர் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சாமான் பழுதுபோலக் கிடக்கு தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா தானாகவே காற்சட்டையைத் தூக்கிப் பொய்க்காலைக் காட்டினார். ஒருவரும் கேட்காமல், தன்பாட்டில். மஹ்றூப் ஐயோ என்றோ பாவம் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், எழும்பி மற்றப் பக்கம் வந்து, "அப்ப அந்தக் காலைத் தாங்கோ" என்றார். தட்டினார். அந்தக் கால் துள்ளிப் போய், அடுக்கி வைத்திருந்த இருமல் மருந்துப் பெட்டியை உதைத்துத் தள்ளிவிட்டது. மூன்று பேருமாகக் குனிந்து பொறுக்கினோம், நல்லகாலம் ஒன்றும் உடையவில்லை. ரயிலில் வரும் வழி முழுவதும் அப்பா அந்த முழங்காலைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார். நீ பிறந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, மகள்.

சாமான்களை முள்ளியவளைப் பிரியந்தினியிடம் கொடுத்துவிடுகிறேன், லீவுக்கு வீட்டுக்கு வந்த அவள் நாளை காலிக்குத் திரும்புகிறாள். பை நான் தைத்தது, தடித்த நீலத் துணியில், சுருட்டிக் கட்டுகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொக்கற் வைத்திருக்கிறேன். கண்ணுக்கு அடிக்கிற சின்ன டோர்ச்சைத் தம்பி தன் சம்பளத்தில் வாங்கினான், அதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்றான், சொல்லிவிட்டேன். அளவெடுக்கிற டேப் மட்டும் கடையில் வாங்கவில்லை, என்னுடைய தையல் டேப்பில் புதியது ஒன்று வைத்திருக்கிறேன். பிரஷர் பார்க்கிற சாமான் இந்தப் போகத்தில் முடியவில்லை, அது அடுத்த போகத்துக்கு. அதுவரை அதை மட்டும் இரவல் வாங்கு. சிநேகிதியிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை, அவளும் உன்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்பாள். பையை விரித்தால் உட்பக்கம் மழுமழுப்பாக இருக்கும், பயப்படாதே, அது அந்தப் பதாகைதான், தண்ணீர் ஊறாது. உன் பெயர் இருந்த துண்டை மட்டும் வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன், சின்ன எழுத்து என்பதால் அளவாக வந்தது. மிச்சம் கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது. சங்கத் தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏழை விவசாயி என்ற இடத்தில் சேவல் ஏறி நின்று கூவுகிறது. மழை ஒரு சொட்டு இறங்கவில்லை, நல்ல தரமான பதாகை.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் எழுந்து நின்று வாசி. இந்தச் சுத்தியலைக் கொண்டு நீ ஒரு கட்டிலுக்குக் கிட்டப் போகும்போது, படுத்திருக்கிற மனுசனின் இடுப்புச் சாரத்தை விலக்க முன் அவரைக் கேள். சிங்களத்தில் கேட்கத் தெரியாவிட்டால் படித்துக்கொண்டு போய்க் கேள். வட்டமாக நின்று பார்ப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாய், அந்த வட்டத்தில் யாராவது ஒருத்தி திரையை இழுத்துவிட வேண்டும், அது நீயாக இரு. அப்பாவைப் போல, சொன்னவுடன் பேசாமல் மடித்துவிடுகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள். அவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுக்காதே, பிள்ளை, அவர்களுக்குப் பழகிவிட்டது. பார்த்து முடிந்ததும் நீயே இழுத்து மூடிவிட்டு வா. பெரிய டொக்டர் நேரமில்லை என்று ஏசினால் ஏசட்டும், ஜெகதீஸ்வரியின் மகள் ஏச்சுக்குப் பயந்தாள் என்று நான் கேள்விப்படக்கூடாது.

தலைக்கு எண்ணெய் வை, வெறும் பாண் துண்டைத் தின்றுகொண்டு இரவிரவாகப் படிக்காதே, கடற்கரைப் பக்கம் தனியே போகாதே. சித்திரை லீவுக்கு வரும்போது மறக்காமல் சுத்தியலையும் கொண்டு வரச் சொல்லி அப்பா நிற்கிறார். கடைக்காரர் தட்டியது கணக்கில் இல்லையாம், மகள் தட்டினால்தான் கணக்காம். எந்தக் கால் என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும் என்கிறார். நீ தொட்டதெல்லாம் சுகமாக வேண்டும், உன் கை நடுங்காமல் இருக்க வேண்டும், அம்மன் உன்னோடு நிற்பா. பை கைக்கு வந்ததும் போன் எடு. கோபத்தோடு எடுத்தாலும் பரவாயில்லை, எடு.

இப்படிக்கு,
உழுந்து விளைவித்து மகளுக்குச் சுத்தியல் வாங்கிய விவசாயி கதிர்காமநாதனின் மனைவி,
உன் அம்மா,
ஜெகதீஸ்வரி